கருணையும் கணக்கும்

அகதி என்ற சொல் நம் கவிதைகளில் மலிந்துவிட்டது. மாற்றலாகி நகரத்துக்கு வந்தவன் அகதி. வீட்டில் பேச்சற்றுப் போனவன் அகதி. எழுதியதைப் படிக்க நூறு பேர்கூட அகப்படாதவன் தன் மொழிக்குள்ளேயே அகதி. இருத்தலின் அவலத்தைச் சொல்ல வசதியான ஒரு படிமம் கிடைத்துவிட்ட திருப்தியில் நாம் இதைத் திரும்பத் திரும்பக் கையாள்கிறோம். ஒன்றிரண்டு கவிதைகளில் இது பலித்திருக்கிறது, மறுக்கவில்லை. மற்றவற்றில் இது களவு என்றே எனக்குப் படுகிறது. முகாமில் இருக்கும் அகதிக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீராவது வேண்டும். 20 பேருக்கு ஒரு கக்கூஸாவது வேண்டும். குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி உடனே வேண்டும். படிமத்துக்கு இவை எதுவும் தேவைப்படுவதில்லை.

இதை ஒட்டி ஒரு கேள்வி. அகதி முகாமில் வேலை செய்யும் டாக்டருக்கோ நர்ஸுக்கோ, குடிசை குடிசையாகப் போய்வரும் சுகாதார ஊழியருக்கோ என்ன தெரிந்திருக்க வேண்டும்? இது பயிற்சிக் கையேடுகளின் விஷயம், இலக்கியப் பத்திரிகைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். அப்படிக் கேட்பதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அறம் மனசைச் சேர்ந்தது, திறமை கையைச் சேர்ந்தது. மனசு சரியாக இருந்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை. நம் கதைகளில் வருகிற நல்ல டாக்டர்கள் எல்லோரும் இந்த நம்பிக்கையில் பிறந்தவர்கள். அவர்கள் கண்ணில் நீர் துளிர்க்கும். என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது மட்டும் வாசகனுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை.

முகாமைப் பொறுத்தவரை அறப் பிரச்னை திறமைக்கு உள்ளேயே இருக்கிறது என்பது என் கட்சி. எந்தத் திறமை, அதை யார் வைத்துக்கொள்வது, அதில் எவ்வளவை யாரிடம் ஒப்படைப்பது என்ற இடத்தில்தான், ஒருவன் எதிரே இருப்பவரை மனிதராக நினைக்கிறானா இல்லையா என்பது தெரிந்துபோகிறது. கருணை வேண்டாம் என்று சொல்லவில்லை. கருணை, நாம் நினைப்பதைவிடச் சுலபமாகக் கிடைக்கிற சரக்கு என்கிறேன்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, ஜார்ஜோ அகாம்பெனைப் படித்த நண்பர் ஒருவர் ஓர் ஆட்சேபணை எழுப்பினார். 1995இல் வந்த 'ஹோமோ ஸேக்கர்' நூலில் அகாம்பென் முகாமை நவீன அரசியலின் ஆதார வடிவமாகப் பார்க்கிறார். உரிமைகளெல்லாம் உரிக்கப்பட்டு, வெற்று உயிராக மட்டும் எஞ்சியவன் அங்கே இருக்கிறான். நிவாரண ஸ்தாபனங்கள் இந்த வெற்று உயிரை மட்டுமே பார்க்கின்றன. அதனால் தாங்கள் எதிர்க்க வேண்டிய அதிகாரத்தோடேயே தம்மை அறியாமல் கைகோத்துக்கொள்கின்றன என்பது அவர் வாதம். நண்பர் இதை இன்னும் கறாராகச் சொன்னார்: "உப்புத் தண்ணி கொடுத்து உயிரை மட்டும் நிறுத்தி வைக்கறதுக்குப் பேரு வைத்தியம் இல்லே, ஆட்டுப்பட்டி நிர்வாகம்." லேசாக ஒதுக்கிவிடக்கூடிய ஆட்சேபணை அல்ல இது. அவர் சொன்ன உப்புத் தண்ணீரையே எடுத்துக்கொண்டு பதில் தேடிப் பார்க்கிறேன்.

2

1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவம் கட்டவிழ்த்துவிட்ட கொலைகளுக்குத் தப்பி சுமார் 1 கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தின் எல்லையோர ஊரான போங்காவைச் சுற்றி மட்டும் லட்சக்கணக்கானவர்கள். மழைக்காலம். காலரா வந்துவிட்டது. அங்கிருந்த ஆஸ்பத்திரியில் காலராவுக்கென்று இருந்தவை இரண்டு அறைகள், 16 படுக்கைகள். கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் திலீப் மஹலானோபிஸ் ஜூன் மாதக் கடைசியில் அங்கே போனார். இரண்டு அறைகளிலும் தரை தெரியாதபடி நோயாளிகள். நரம்பில் சலைன் ஏற்றுவதற்கு மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட வேண்டியிருந்தது என்று அவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

காலரா கிருமி நேராகக் கொல்வதில்லை. உடம்பிலிருக்கும் நீரையும் உப்பையும் சில மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் மனிதன் சாகிறான். போன நீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வான். திருப்பிக் கொடுப்பது நரம்பு வழியாகத்தான் என்பது அன்றைய வைத்தியத்தின் நடைமுறை. அதற்கு சலைன் பாட்டில் வேண்டும், ஊசி வேண்டும், ஊசி குத்தத் தெரிந்த ஆள் வேண்டும். போங்காவில் மூன்றும் தீர்ந்துகொண்டிருந்தன. உப்போடு சரியான அளவில் குளுகோஸ் சேர்த்துக் குடிக்கக் கொடுத்தால், காலரா கண்ட குடலும் அதை உறிஞ்சிக்கொள்கிறது என்பது அதற்குச் சில வருஷங்கள் முன்பே டாக்காவிலும் கல்கத்தாவிலும் தெரிந்திருந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரிக்குள், பயிற்சி பெற்றவர்கள் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்துகொண்டிருந்தபோது தெரிந்த விஷயம். சேற்றில் உட்கார்ந்திருக்கும் தாய் தகப்பன் கையில் அதை நம்பிக் கொடுக்கலாம் என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை.

மஹலானோபிஸ் கொடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் ஆராய்ச்சி மையத்தின் நூலக அறையையே நிறுவைக் கூடமாக்கி, பிளாஸ்டிக் பைகளில் பொடியை நிரப்பி, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி அனுப்பினார்கள். முகாமில் அதைப் பெரிய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் சொந்தக்காரர்களே குவளையில் பிடித்துக்கொண்டு போய்ப் புகட்டினார்கள். ஊசியில் ஏறினால்தான் மருந்து என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்ததால், இதற்கு 'வாய்வழி சலைன்' என்று பேர் வைத்தார்கள். அதற்கு முன் நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு 4க்கும் கீழே இறங்கியது. இந்தக் கட்டுரை 1973இல்தான் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்த உப்பும் சர்க்கரையும் உலகமெங்கும் காப்பாற்றிய உயிர்கள் கோடிக்கணக்கில். மஹலானோபிஸ் 2022இல் காலமானார். பத்ம விபூஷண் அவர் மறைவுக்குப் பிறகு வந்தது.

3

இந்தச் சம்பவத்தைக் கருணையின் வெற்றியாகச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அங்கே மண்டியிட்டிருந்த எல்லோருக்கும் கருணை இருந்தது. நரம்பு தேடிக் குனிந்த ஒவ்வொரு கைக்கும் இருந்தது. சாவைக் குறைத்தது வேறு. தன் திறமையில் எது தன்னிடம் மட்டும்தான் இருக்க முடியும், எது தன்னிடம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று ஒரு டாக்டர் பிரித்துப் பார்த்ததுதான் அது.

நாடி அகப்படாமல் மயங்கிக் கிடப்பவனுக்குக் குவளை உதவாது, அவனுக்கு ஊசிதான். யார் அந்த நிலையில் இருக்கிறார், யார் இன்னும் குடிக்கிற நிலையில் இருக்கிறார் என்று கண் குழிந்திருப்பதைப் பார்த்து, தோலைக் கிள்ளிவிட்டு அது மெல்லத் திரும்புகிறதா என்று பார்த்து நிமிஷத்தில் முடிவெடுக்கத் தெரிய வேண்டும். இது வைத்துக்கொள்ள வேண்டிய திறமை. குடிக்கக்கூடியவனுக்கு வாய் வாயாகப் புகட்டுவது, வாந்தியெடுத்தால் சற்றுப் பொறுத்து மறுபடியும் புகட்டுவது, ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் புகட்டுவது கொடுத்துவிட வேண்டிய திறமை. சொல்லப்போனால் இந்த இரண்டாவதில் எந்த நர்ஸைவிடவும் தாய்தான் கெட்டிக்காரி. நர்ஸுக்கு ஐம்பது பேர். அவளுக்கு ஒரே குழந்தை.

நண்பருக்கு நான் சொல்லும் பதில் இதில் இருக்கிறது. கொடுக்கப்பட்ட பொருளை மட்டும் பார்த்தால் அது வெற்று உயிருக்கான பொருள்தான். அதைவிட வெற்றான ஒரு மருந்தை நினைத்துப் பார்ப்பதுகூடக் கஷ்டம். ஆனால் அது எந்தக் கை வழியாகப் போயிற்று என்பது பொருளையே மாற்றிவிடுகிறது. வீடு போய், ஊர் போய், பலநாள் நடந்துவந்த ஒருத்தி, குழந்தை சாவதைப் பார்த்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பது ஒன்று. அந்தக் குழந்தை தன் கையால் பிழைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது முற்றிலும் வேறு. இரண்டிலும் உயிர் மிஞ்சலாம். இரண்டாவதில்தான் ஒரு மனுஷியும் மிஞ்சுகிறாள். அகாம்பென் விவரிக்கிற முகாமில் கொடுப்பவனும் வாங்குபவனும் மட்டுமே இருக்கிறார்கள். போங்காவில் மூன்றாவதாக ஓர் உறவு உண்டாயிற்று, கற்றுக்கொடுத்தவரும் கற்றுக்கொண்டவளும் என்று.

இதே எண்ணத்தை அதன் தர்க்க எல்லைவரை கொண்டுபோனவர்கள் அகதிகளாயிருந்து ஊர் திரும்பியவர்களின் நாட்டிலேயே இருந்தார்கள். பங்களாதேஷில் பிராக் என்ற அமைப்பு 1980இலிருந்து 1990வரை வீடு வீடாகப் போய் 1 கோடியே 20 லட்சம் வீடுகளில் தாய்மார்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. பொட்டலம்கூட இல்லை. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். கற்றுக்கொடுக்கப் போன பெண்களுக்கு எத்தனை வீடு ஏறினார்கள் என்று பார்த்துச் சம்பளம் தரவில்லை. பிற்பாடு வேறொருவர் போய்ச் சோதிக்கும்போது, கற்றுக்கொண்ட தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள், எவ்வளவு சரியாகக் கரைக்கிறாள் என்பதை வைத்துத்தான் சம்பளம். இந்த ஏற்பாட்டை ஒரு தத்துவ நிலைப்பாடாகவே படிக்கலாம் என்று நினைக்கிறேன். கொடுத்தவரின் நல்லெண்ணத்துக்கு இங்கே தனி மதிப்பு கிடையாது. வாங்கியவரிடம் போய்ச் சேர்ந்தது எதுவோ அதற்கே மதிப்பு.

நான் வங்கிக் குமாஸ்தா. எங்கள் தொழிலில் வாசலில் உட்கார்ந்து சலான் எழுதித் தருகிறவர் ஒருவரைப் பல கிளைகளில் பார்க்கலாம். பென்ஷன் வாங்க வருகிற கைநாட்டுக் கிழவிகளுக்குப் பரிவோடு எழுதித் தருவார், சில்லறை வாங்கிக்கொள்வார், சிலரிடம் வாங்கவும் மாட்டார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்தும் அந்தக் கிழவிகளுக்கு அவர் வேண்டியிருக்கிறது. பரிவு, தான் தேவைப்படுகிற நிலைமையைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொள்ளக்கூடியது. முகாமில் இது இன்னும் பூதாகாரமாக வளர இடம் இருக்கிறது.

ஒப்படைத்தலுக்கும் ஒரு பொய்யான வடிவம் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் என் வாதம் நேர்மையாகாது. பல முகாம்களில் அகதிகளையே சுகாதார ஊழியர்களாக வைத்துக்கொண்டு, அதே வேலையைச் செய்யும் வெளியாளுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கை 'ஊக்கத்தொகை' என்ற பெயரில் கொடுக்கிறார்கள். கென்யாவில் சட்டப்படி வேலை பெற வழியில்லாத அகதிகளுக்கு இப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. வேலையை ஒப்படைத்துவிட்டு மதிப்பை வைத்துக்கொள்வது ஒப்படைத்தல் ஆகாது.

4

கருணை மட்டும் போய் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1994 ஜூலை சாட்சி. ருவாண்டாவிலிருந்து சில நாட்களுக்குள் பல லட்சம் பேர் அப்போது ஜைர் என்று பெயர் கொண்டிருந்த காங்கோவின் கோமா என்ற ஊருக்குள் வந்து குவிந்தார்கள். எரிமலைக் குழம்பு இறுகிய பாறைத் தரை. கக்கூஸுக்குக் குழி தோண்ட முடியாது. பிணத்துக்கும் தோண்ட முடியாது. குடிக்கக் கீவு ஏரித் தண்ணீர். காலராவும் அதன் பின்னாலேயே ரத்தபேதியும் வந்தன. முதல் மாதத்துக்குள் ஏறக்குறைய 50,000 பேர் செத்தார்கள். உலகம் முழுவதிலிருந்தும் நல்லெண்ணம் விமானத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. டாக்காவின் வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்திலிருந்து ஒரு குழுவும் போயிற்று. சிகிச்சைக் கூடங்களிலேயே ஏன் இத்தனை சாவு என்று அவர்கள் பார்த்து 1995இல் எழுதினார்கள். நீர் ஏற்றிய வேகம் போதவில்லை, குடிக்கக் கொடுக்கும் கரைசலைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை, வந்திருந்த ஊழியர்கள் பலருக்குக் காலராவைக் கையாண்ட அனுபவம் இல்லை.

கண்டுபிடித்து 23 வருஷம் ஆன பின்பும் அந்தக் குவளை கோமாவுக்குச் சரியாக வந்து சேரவில்லை. கற்றுக்கொடுக்க வந்தவர்கள், 1971இல் அகதிகளை அனுப்பிய மண்ணிலிருந்து வந்தவர்கள். கதியற்றவர்களின் தேசம் என்று நாம் பரிதாபப்பட்ட தேசத்திலிருந்து, ஐரோப்பாவும் அமெரிக்காவும் திணறிய இடத்துக்குக் கதி வந்தது.

முகாமில் தேவைப்படும் இன்னொரு திறமையை நம் கூட்டத்தில் யாரும் விரும்பமாட்டார்கள். எண்ணத் தெரிவது. எண்களோடு புழங்குகிறவன் எண்களுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று சிரிக்கலாம். மனிதனை எண்ணாக்குவது வன்முறை என்பது நமக்கு வேதவாக்கு. ஆனால் எண்ணப்படாமல் இருப்பதும் ஒரு வன்முறை. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மேல் சாகிறார்கள் என்றால் அங்கே நெருக்கடி என்பது முகாம் வைத்தியத்தில் நிலைபெற்ற அளவுகோல். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது இரண்டு. கோமாவில் அந்த எண் 20 முதல் 35 வரை போயிற்று. கண்ணெதிரே சாகிற ஒருவனைக் கட்டிக்கொண்டு அழுகிறவனுக்கு, பக்கத்துக் குன்றின் பின்னால் தினம் நாற்பது பேர் போகிறார்கள் என்பது தெரியாது. எண் ஒன்றுதான் அதை அவனுக்குச் சொல்லும். கிணறு எங்கே தோண்டுவது, ஊசி எங்கே முதலில் போடுவது என்பது அழுகையிலிருந்து கிடைக்கிற தகவல் அல்ல.

எண்ணுவதிலும் படிப்பறிவு வேண்டும். ரேஷன் அட்டையில் ஒரு பெயர் குறைந்துவிடும் என்ற பயத்தில் தாய் குழந்தையின் சாவை மறைக்கிறாள். இதைப் பொய் என்று குறித்துக்கொள்கிற ஊழியனுக்கு எண்ணத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். தெரிந்தவன் புதைகுழிகளைப் போய் எண்ணுவான். சவத்துணி இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்து, வாங்க வருகிறவர்களிடமிருந்து தெரிந்துகொள்வான். அவள் மறைத்ததற்குக் காரணமான பசி எந்தக் கணக்கில் வரும் என்றும் யோசிப்பான். கோமாவில் எதிர்த் திசையிலும் பொய் இருந்தது. ருவாண்டாவில் இனக்கொலை செய்த தலைவர்களே முகாம்களை ஆண்டார்கள். தலைக்கணக்கை ஊதிப் பெருக்கி ரேஷனைக் கடத்தினார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுக் கிளை 1994 நவம்பரில் வெளியேறியது. அதே அமைப்பின் வேறு கிளைகள் தங்கின. யார் செய்தது சரி என்று தீர்ப்பெழுத என்னால் முடியவில்லை. குழந்தைக்குக் கொடுத்த சோறு கொலைகாரனின் படைக்கும் போகிறது என்று தெரிந்தபின், போவதும் தங்குவதும் இரண்டுமே கறைபட்ட தீர்மானங்கள். ஆனால் அந்தத் தீர்மானத்தை எடுக்கவே முதலில் கணக்கைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

காம்யுவின் 1947ஆம் வருஷத்து நாவலான 'கொள்ளைநோய்' நம்மில் பலருக்குப் பழக்கம். டாக்டர் ரியூவைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். கிராண்டைப் பற்றிப் பேசியதில்லை. நகரசபையில் அற்பச் சம்பளக் குமாஸ்தா. ராத்திரியில் ஒரு நாவலின் முதல் வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருப்பவன். கொள்ளைநோய் வந்ததும் சுகாதாரப் படைகளின் புள்ளிவிவரங்களைப் பதிவுசெய்து கொடுக்கிறவன். கதைக்கு ஒரு கதாநாயகன் கட்டாயம் வேண்டுமென்றால் இவனை வைத்துக்கொள்ளலாம் என்று கதைசொல்லி முன்மொழிகிறான். இதைக் காம்யுவின் கிண்டல் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகத்தைப் பார்க்கிறவனுக்கும் கணக்கை எழுதுகிறவனுக்கும் நடுவே நாம் போட்ட கோட்டை அவர் அழிக்கிறார்.

5

எண்ணினால் போதும் என்பவனும் தோற்பான். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் பங்களாதேஷின் காக்ஸ் பஜார் பகுதிக்கு ஓடிவந்தார்கள். நவம்பரில் அங்கே தொண்டை அடைப்பான் பரவியது. தடுப்பூசி பெரும்பாலும் எட்டாமல் வளர்ந்த ஜனங்கள். வந்திருந்த டாக்டர்களில் பலர் இந்த நோயைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தார்கள். குதிரைச் சீரத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவு மருந்து உலகத்திலேயே மிகக் குறைவாகத்தான் கையிருப்பில் இருந்தது. ஒவ்வாமை வருமா என்று சோதித்துப் பார்த்து, பிறகு மணிக்கணக்கில் பக்கத்திலிருந்து கவனித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. எந்தக் குழந்தைக்குக் கொடுப்பது என்ற தேர்வை எந்தத் தாயிடமும் ஒப்படைக்க முடியாது, ஒப்படைக்கவும் கூடாது. கொடுத்துவிடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும் என்றால், கொடுக்காமல் தானே சுமப்பதற்கு வேறொரு தைரியம் வேண்டும்.

அந்த முகாம்களில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. ரோஹிங்யாப் பேச்சும் சிட்டகாங் வட்டாரப் பேச்சும் நெருங்கியவை; ஆனால் ஒன்றல்ல. உள்ளூர்க்காரர்களை வைத்து மொழிபெயர்த்துவிடலாம் என்று நினைத்த இடங்களில் உடம்பைப் பற்றிய, குறிப்பாகப் பெண்ணுடம்பைப் பற்றிய சொற்கள் காலை வாரின. மனசின் துன்பத்தை நெஞ்சு கனக்கிறது, உடம்பு வலிக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். நம் கிராமத்துப் பெண்களும் இப்படித்தான் சொல்வார்கள். வலி என்ற சொல்லைக் கேட்டதும் வலி மாத்திரையை எடுத்து நீட்டுகிறவன் மோசமான வாசகன். சொன்னதற்கும் சொல்ல வந்ததற்கும் இடையில் நிற்கத் தெரிவதுதான் விமர்சனம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மருந்துப் பெட்டியோடு குடிசைக்குள் குனிந்து நுழைகிறவளுக்கும் இதே திறமைதான் தேவைப்படுகிறது. அவள் தப்பாகப் படித்தால் விளைவு ஒரு மதிப்புரையில் போய் முடிவதில்லை.

கேட்பதைவிடக் கடினமானது கேட்காமலிருப்பது. பேரழிவிலிருந்து தப்பியவர்களை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்ல வைத்தால் மனசு ஆறும் என்று வெகுநாள் நம்பினார்கள். ஆராய்ந்து பார்த்தபோது ஒரே அமர்வில் இப்படிச் சொல்ல வைப்பது உதவவில்லை என்று தெரிந்தது. சிலருக்குக் கெடுதலும் செய்திருக்கலாம் என்று பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மன முதலுதவிக் கையேடு, என்ன நடந்தது என்று வற்புறுத்திக் கேட்காதே என்கிறது. பக்கத்தில் இரு, உடனே வேண்டியது என்ன என்று தெரிந்துகொள், அவர்களுடைய மனிதர்களோடு அவர்களைச் சேர்த்துவை. அவர்களாகச் சொன்னால் காதுகொடு.

எழுத்தாளனுக்கு இது எவ்வளவு எரிச்சலூட்டுகிற உபதேசம் என்று யோசித்துப் பார்க்கிறேன். நமக்குக் கதைதான் வேண்டும். எப்படி எல்லை தாண்டினார்கள், யார் கண்ணெதிரே யார் செத்தார்கள், அப்போது வானம் என்ன நிறம். குழந்தை ராத்திரி தூங்கினதா, தண்ணீர்க் குழாய் எத்தனை தூரம் என்று கேட்பது நமக்கு இலக்கியம் அல்லாதவனின் கேள்வி. முகாமில் இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவளிடம்தான், என்றைக்காவது ஒருநாள், முதல் கேள்விக்கான பதிலும் தானாக வந்து சேரும். சேராமலும் போகும். சேராமல் போவது நோயாளியின் உரிமை.

6

அகதி என்ற சொல்லுக்கே திரும்புகிறேன். கதி என்றால் நடை, வழி, புகலிடம், அகதி, கதியற்றவன். இதற்கு மாற்றாகப் பழைய ஏதிலார் என்ற சொல்லின் வேரிலிருந்து ஏதிலி என்று சிலர் எழுதுகிறார்கள். குறளில் ஏதிலார் என்றால் அயலார். முதல் சொல் அவனிடம் ஏதும் இல்லை என்கிறது. இரண்டாவது அவன் நம்மவன் இல்லை என்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு, இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்க முடிவுசெய்தது. சொல்லை மாற்றுவதால் கூரை ஒழுகுவது நிற்காது என்பது உண்மைதான். ஆனால் பழைய சொல்லில் ஒரு தவறான தகவல் இருந்தது என்பதும் உண்மை.

1983க்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்கள் 1984லேயே, எஸ். சி. சந்திரஹாசன் தலைமையில், ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்று தங்களுக்கென ஓர் அமைப்பு ஏற்படுத்திக்கொண்டார்கள். முகாம் பெண்களே பயிற்சி பெற்று, முகாம்களில் சுகாதார ஊழியர்களாக, குழந்தைகளின் எடையைப் பார்க்கிறவர்களாக, மனசு தளர்ந்தவர்களுக்குத் துணையிருப்பவர்களாக வேலை செய்தார்கள். அவர்கள் இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் நம் இலக்கியத்தில் இந்தப் பெண்களில் ஒருத்தியைக்கூட நான் சந்தித்ததில்லை. கரையில் நின்று கடலைப் பார்க்கும் பெண்ணைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். எடைத் தராசோடு அடுத்த வரிசை வீட்டுக்குப் போகிறவள் நம் படிமத்துக்கு உதவமாட்டாள். அவளிடம் கதி இருக்கிறது.

ஆகவே நண்பரின் ஆட்சேபணையைப் பாதி ஏற்றுக்கொள்கிறேன். முகாம் மனிதனை வெற்று உயிராகச் சுருக்குகிற இடம் என்பது சரி. உயிரைக் காப்பாற்ற வந்தவனும் அந்தச் சுருக்கத்துக்குத் துணைபோகக்கூடும் என்பதும் சரி. ஆனால் அவன் துணைபோகிறானா இல்லையா என்பது உப்பையும் சர்க்கரையையும் பார்த்துத் தெரியாது. அதைக் கரைக்கத் தெரிந்தவர்கள் அவன் போன பிறகு எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் தெரியும். முகாமில் ஒரு டாக்டரின் திறமைக்கு இதைவிடக் கறாரான சோதனை எனக்குத் தோன்றவில்லை.

இதே சோதனையை நம் கவிதைகளுக்கும் வைக்கலாம். கவிதை முடிந்த பிறகும் அகதி கதியற்றவனாகவே இருந்தாக வேண்டும் என்று எந்தக் கவிதை எதிர்பார்க்கிறதோ, அது அவனைப் பற்றிய கவிதை இல்லை. அதில் எத்தனை கண்ணீர் இருந்தாலும் சரி.